கால்டருக்கு ரெண்டு சிலிண்டர்

...ஐயோ, அதைத் தூக்காதே கண்ணு, தூக்காதே! கை சுளுக்கிக்கும். பாத்தா கேக் பெட்டி மாதிரிதான் இருக்கும். ஹாலிஃபாக்ஸ் ஸ்டாண்டுல ஒரு மனுஷன் அப்படித்தான் ஏமாந்தாரு. "நான் ஏத்திவிடுறேன் மேடம்"னு ஒரு கையால தூக்கப் போனாரு. அப்புறம் ரெண்டு கையாலயும் தூக்கிப் பாத்தாரு. அப்புறம் பஸ் டைம் பாக்குற மாதிரி மெல்ல அந்தப் பக்கம் நழுவிட்டாரு! வார்ப்பு இரும்பு கண்ணு. ரெண்டு சிலிண்டர், ரெண்டு பிஸ்டன், அதைச் சுத்தி மாட்டுற ரிங்கு எல்லாம் உள்ள இருக்கு. அது பாட்டுக்கு சீட்டுல இருக்கட்டும். நீ கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்துக்கோ... ஹா, அம்மாடி.

நீ டாட்மார்டனா? நல்லது, கடைசி வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. நான் அதுக்கு முன்னாடியே, ஈஸ்ட்வுட்ல இறங்கணும். இறங்கணும்தான்... பாப்போம்.

காதுல மாட்டியிருக்கியே, அதுல பாட்டு ஓடுதா? பரவாயில்ல, ஒரு காதுல இருக்கட்டும். இன்னொரு காது போதும் எனக்கு.

மோட்டார் சைக்கிளுக்குத்தான் கண்ணு இதெல்லாம். என் மோட்டார் சைக்கிள். புருஷனோடது இல்ல! நீயும் அப்படித்தானே நெனச்சே? உன் மூஞ்சியே சொல்லுதே. எல்லாரும் அதைத்தான் நெனைக்கிறாங்க. லெஸ்லிக்கு, என் வீட்டுக்காரருக்கு, பிஸ்டனும் ஒண்ணுதான், பிஸ்கட்டும் ஒண்ணுதான். வண்டி என்னோடது. கால்டர் ட்வின், முப்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. ஹடர்ஸ்ஃபீல்டுல செஞ்சது. அந்தக் கம்பெனி மூடி அம்பது வருஷம் ஆச்சு, இப்போ அந்த இடத்துல சோபா விக்கிறாங்க. நான் அறுபத்தொண்ணாம் வருஷம் வாங்கினேன். இதே ரூட்டுல, இதே ரோட்டுல, டிக்கெட் மெஷினைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னு நின்னு கால் வீங்கி, அந்தச் சம்பளத்துல வாங்கின வண்டி. இருபத்திரெண்டு வருஷம் கண்டக்டர் வேலை. அதனாலதான் குரல் இப்படி... மெதுவாப் பேசுன்னு லெஸ்லி சொல்லுவாரு. இதுதான் என்னோட மெதுவு!

எங்க விட்டேன்? ஆங், சிலிண்டர்.

எட்டு வருஷமாத் தேடினேன் கண்ணு. எட்டு வருஷம்! என்ஜின் பிடிச்சிக்கிச்சு. பிஸ்டன் ரெண்டும் உருகி சிலிண்டரோட ஒட்டிக்கிச்சு. ஒண்ணுல மேல இருந்து கீழ வரைக்கும் கோடு, நகத்தை விட்டா நகம் உள்ள போகுது. இன்னொண்ணு வெடிச்சே போச்சு. கோடு விழுந்ததை மறுபடி போர் பண்ணி, உள்பக்கம் கடைஞ்சு அகலமாக்கவும் வழியில்ல. ஏற்கெனவே எவ்வளவு பண்ண முடியுமோ அவ்வளவும் பண்ணியாச்சு, மிச்சம் இருந்த சுவர் இந்த டிக்கெட் கனம். புதுசுதான் தேடணும். புதுசுக்கு எங்க போறது?

முதல்ல சந்தைக்குப் போனேன். பழைய வண்டிச் சாமான் சந்தை. பொருட்காட்சி மைதானத்துல முழங்கால் வரைக்கும் சேறு, மழை வேற. நான் கேக்குறேன், "கால்டர் ட்வின்னுக்கு பிஸ்டன், சிலிண்டர் இருக்கா? அறுபத்து மூணு மில்லிமீட்டர் அளவு." இப்படித் தெளிவா நான் கேக்குறேன். கடைக்காரன் யாரைப் பாத்து பதில் சொல்றான்? லெஸ்லியை! "சாருக்கு எந்த மாடல் வேணும்?" லெஸ்லி பாவம் குடையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. "எனக்கு ஒரு டீ கிடைச்சாப் போதும்"ங்கிறாரு! அடுத்த கடையில இன்னொருத்தன், "வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள் பரிசா, அம்மா?"ன்னான். நான் சொன்னேன், "இல்லப்பா, அவருக்குப் பிறந்தநாளுக்கு ஏப்ரன் வாங்கித் தரப்போறேன். பிஸ்டன் எனக்கு."

மூணாவது கடைக்காரன் கெட்டிக்காரன். அவன் என்னையே பாத்துப் பேசினான். அதுலயே நான் மயங்கிட்டேன் பாரு! மெழுகுத்தாள்ல சுத்தி, மேல 'கால்டர்'னு அச்சடிச்ச சீட்டு ஒட்டி, ரெண்டு பிஸ்டன். "பாக்டரியில இருந்து வந்தபடியே இருக்கும்மா, இது வரைக்கும் கை படல"ன்னான். வீட்டுக்கு வந்து பிரிச்சு அளந்து பாக்குறேன். புல்லு வெட்டுற மெஷினோட பிஸ்டன் கண்ணு! சீட்டு மட்டும்தான் கால்டர். அதையும் அவனே கம்ப்யூட்டர்ல அடிச்சு டீத்தண்ணியில முக்கிக் காயவச்சிருக்கான். முக்கின சாயம் என் விரல்லயே ஒட்டிச்சுன்னா பாத்துக்கோ!

மறு வாரம் போய்ச் சண்டை போட்டேன். பக்கத்துக் கடைக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? "ஏம்மா இங்க வந்து அலையுற? கால்டர்னா சிரில் ஹார்ட்லிகிட்டதானே கேக்கணும்? அவர்கிட்ட ஒரு ஜோடி இருக்கே."

நான் அப்படியே திரும்பி நடந்து வந்துட்டேன்.

அப்புறம் வேல்ஸ்ல ஒரு பெரியவர்கிட்ட முழு என்ஜினே இருக்குன்னு கேள்விப்பட்டேன். மூணு ரயில் மாறி, ஒரு டாக்ஸி பிடிச்சுப் போறேன். அவரு போன மாசம்தான் செத்துப்போயிட்டாராம். சம்சாரம் நல்ல மாதிரி. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு பன்றிக்கறி வச்சுச் சுட்ட பலகாரம் எல்லாம் குடுத்தாங்க. நான் சாப்பிட்டுக்கிட்டே பாக்குறேன்... கணப்புக்கு ரெண்டு பக்கமும், கண்ணு, ரெண்டு கால்டர் சிலிண்டர்! வெள்ளை பெயின்ட் அடிச்சு! உள்ள மெழுகுவத்தி! அந்தப் பலகாரத்தை நான் எப்படி முழுங்கினேன்னு எனக்கே தெரியாது. "விலைக்குத் தருவீங்களா?"ன்னு கேட்டேன். "ஐயோ, அது அவரு நினைவாச்சே"ன்னு கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க. அவரு உயிரோட இருந்தப்போ "இந்தக் குப்பையை வெளிய எறி"ன்னு முப்பது வருஷம் கத்தியிருக்காங்க. அதையும் அவங்களேதான் சொன்னாங்க! வெள்ளியில மெழுகுவத்தித் தாங்கி வாங்கித் தரேன்னேன். ம்ஹூம். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "எங்க வீட்டுக்காரரு அடிக்கடி ஒருத்தருக்குக் கடுதாசி போடுவாரு, யார்க்‌ஷயர் ஆளு. சிரில் ஹார்ட்லின்னு பேரு. அவரைக் கேட்டுப் பாருங்களேன்"னாங்க.

வேல்ஸ் வரைக்கும் போயும் சிரில் ஹார்ட்லி!

சரி, புதுசாவே வார்த்துடலாம்னு பிராட்ஃபோர்டுல ஒரு வார்ப்புப் பட்டறைக்குப் போனேன். பெரிய ஆபீஸ், கண்ணாடிக் கதவு, டை கட்டின ஆளு. "தாராளமாப் பண்ணலாம் மேடம். எதை வேணும்னாலும் வார்ப்போம். மாதிரிக்கு ஒரு நல்ல சிலிண்டர் மட்டும் கொண்டுவாங்க." நல்ல சிலிண்டர் இருந்தா நான் ஏன்யா உன்கிட்ட வரேன்? அவனுக்கு அது புரியவே இல்ல. மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் தலையை ஆட்டிட்டு, "புரியுது மேடம். மாதிரி இருந்தா சுலபம்"ங்கிறான்!

ஜெர்மனிக்காரன் கதை சொல்லவா? சொல்றேன், ஹெப்டன் பிரிட்ஜ் ஸ்டாப்பே இன்னும் வரல. கொலோன் பக்கத்துல ஒரு டாக்டர், பல் டாக்டர். மூணு கால்டர் வச்சிருக்கான். மூணும் கண்ணாடி அறைக்குள்ள. ஒண்ணையும் ஓட்ட மாட்டான். ஓட்டினா அழுக்காகுமாம்! பிஸ்டனை வெல்வெட் துணியில வச்சுப் படம் எடுத்து அனுப்பினான். பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துச்சு. தரேன்னான். ஆனா என் வண்டியைப் பாக்கணும், படம் அனுப்புங்கன்னான். எல்லாப் பக்கமும் நாப்பது படம் எடுத்து அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சுப் பதில் வருது. "அன்புள்ள திருமதி கிரீன்வுட், தங்கள் வண்டியின் சீட் போல்ட் பிற்காலத்தது. அசல் அல்லாத வண்டிக்கு அசல் பிஸ்டனைத் தர என் மனசாட்சி இடம் தரவில்லை." சீட் போல்ட்டு! நான் முப்பத்தஞ்சு வருஷம் மழையிலயும் பனியிலயும் உக்காந்து ஓட்டினவ, அந்த போல்ட்டு தேயாம என்ன பண்ணும்? கடைசியில பின்குறிப்பு. "தங்கள் நாட்டிலேயே திரு. ஹார்ட்லி என்ற..." கிழிச்சுப் போட்டுட்டேன்.

இன்டர்நெட்டுலயும் கேட்டேன் கண்ணு, லைப்ரரியில அந்தப் பொண்ணு சொல்லிக்குடுத்துச்சு. பழைய வண்டிக்காரங்க எல்லாரும் எழுதுற இடம். "கால்டருக்கு பிஸ்டன், சிலிண்டர் தேவை"ன்னு ஒரே வரி போட்டேன். அறுபத்தோரு பதில்! முதல் பத்துப் பேரு எந்த ஆயில் ஊத்தணும்னு சண்டை. அடுத்த இருபது பேரு அந்தச் சண்டையில யாரு மரியாதை இல்லாமப் பேசினாங்கன்னு சண்டை. ஒருத்தன், "இந்த வயசுல உங்களுக்கு ஸ்கூட்டர்தான் நல்லது"ன்னு எழுதினான். மிச்சம் எல்லாரும், நீயே சொல்லு... ஆமா! "சிரில் ஹார்ட்லியைக் கேளுங்க." உனக்கே பாடமாயிடுச்சு பாரு.

ஏன் கேக்கலைன்னா?

...கேக்க முடியாது கண்ணு. கேக்குற மாதிரியா வச்சிருக்கேன் நான்?

சிரில் யாருன்னு சொல்லலை இல்ல? சிரில்தான் அந்த என்ஜினைப் பிரிச்சுக் கட்டினவன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி. ஈஸ்ட்வுட்ல அவன் வீட்டுக்குப் பின்னாடி சின்ன ஷெட்டு. இங்கிலாந்து முழுக்க கால்டர்காரங்க அங்கதான் போவாங்க. கை அப்படி! அவ்வளவா பேச்சுக் கிடையாது. நான் பத்து வார்த்தை பேசினா அவன் ஒண்ணு பேசுவான், அதுவும் "ம்"னு இருக்கும். மூணு மாசம் என் என்ஜினை வச்சிருந்து திருப்பிக் குடுத்தான். தையல் மெஷின் மாதிரி ஓடிச்சு கண்ணு. மூணே வாரம். மூணாவது வாரம் எங்க பழைய வண்டிக் கிளப் ஊர்வலம், ஹெப்டன்ஸ்டால் ஏத்தத்துல, நெட்டுக்குத்தா இருக்குமே, அங்க, 'கிர்ர்ர்'னு ஒரு சத்தம். பின்சக்கரம் பூட்டிக்கிச்சு. நானும் வண்டியும் ஒரு கல்லுச் சுவத்துல சாய்ஞ்சோம். பின்னாடி முப்பது வண்டி, எல்லாரும் பாக்குறாங்க. பொம்பளை ஓட்டினா இப்படித்தான்னு எவனோ முனகுறது என் காதுல விழுது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளப் கூட்டம். பப்புக்கு மேல மாடி ரூமு. எல்லாரும் என்னாச்சு என்னாச்சுங்கிறாங்க. நான் எழுந்து நின்னேன். டிக்கெட் கேக்குற குரல்ல சொன்னேன், "சிரில் கட்டின என்ஜின் மூணு வாரம் தாங்கலை. கை நடுங்க ஆரம்பிச்சவன் என்ஜினைத் தொடக் கூடாது."

அவன் அங்கயேதான் இருந்தான். மூலையில, அரை கிளாஸ் பீரோட. பீரைக் குடிச்சு முடிக்கக்கூட இல்ல. கோட்டை எடுத்துப் போட்டுக்கிட்டு இறங்கிப் போயிட்டான்.

அப்போ அவன் ஷெட்டுல நாலு என்ஜின் இருந்துச்சு. ரெண்டு பேரு மறுநாளே வந்து எடுத்துட்டுப் போனாங்க. அந்த வருஷக் கடைசியில இருந்து ஒண்ணும் வர்றதில்ல. இப்போ என்ன பண்றான் தெரியுமா? ஊருல இருக்கிறவங்களோட புல்லு வெட்டுற மெஷினுக்கு பிளேடு தீட்டித் தரான். அந்தக் கையி! எங்கேயோ இருக்கிற வேல்ஸ்காரிக்கும் ஜெர்மன்காரனுக்கும் அவன் பேரு தெரியுது, சொந்த ஊர்ல பிளேடு தீட்டுறான்.

நீ ஏன் இப்போ அந்தக் காதுல இருக்கிறதையும் கழட்டிட்டே? வேணாம், மாட்டிக்கோ. இனிமே சொல்றது அவ்வளவு நல்லா இருக்காது.

சரி, கேக்குறதுன்னா கேளு. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. லெஸ்லிகிட்டகூட.

பழைய என்ஜின்ல ஒரு வியாதி உண்டு. வண்டி சும்மா நின்னா, டேங்க்ல இருக்கிற ஆயில் மெல்ல மெல்ல என்ஜினுக்குள்ள இறங்கிடும். அடுத்த தடவை கிளப்பினா ஒரே புகை. அதுக்குச் சிலபேரு ஆயில் குழாயில ஒரு சின்ன டேப், தண்ணிக் குழாய்த் திருகு மாதிரி, வைப்பாங்க. நிறுத்தினா மூடணும், கிளப்புறதுக்கு முன்னாடி திறக்கணும். நான் சிரில்கிட்ட அதை வைக்கச் சொன்னேன். "வேணாம் எட்னா, ஒரு நாள் மறந்துடுவே"ன்னான். அவன் பேசினதுலயே அதுதான் நீளமான பேச்சு. எனக்குக் கோவம். முப்பத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டுறவளைப் பாத்து மறந்துடுவேன்னு சொல்றதா! வீட்டுக்குக் கொண்டுவந்து நானே வச்சேன். வெளிய தெரியாம டேங்குக்கு அடியில.

அன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஊர்வலம். லேட்டாயிடுச்சு. லெஸ்லி சாண்ட்விச் கட்டுறதுக்கு அரை மணி நேரம் பண்ணிட்டாரு... இல்ல, லெஸ்லி மேல போடக் கூடாது. நான்தான். மிதிச்சேன், கிளம்பினேன். டேப்பு மூடியே இருந்துச்சு. ஆறு மைல், ஒரு சொட்டு ஆயில் இல்லாம. சிரில் கட்டினதாலதான் கண்ணு அது ஆறு மைல் ஓடிச்சு. வேற எவன் கட்டியிருந்தாலும் ரெண்டு மைல்ல போயிருக்கும்.

இன்னும் கேளு. வண்டியை ஏத்த வேனைக் கொண்டுவந்ததும் சிரில்தான். அவன் பலகை எடுக்க வேனுக்குப் பின்னாடி போனப்போ எனக்குச் சட்டுன்னு ஞாபகம் வந்துச்சு. குனிஞ்சேன், டேப்பைத் திறந்துவிட்டேன். ஆயில் இறங்குற சத்தம்கூடக் கேட்டுச்சு, குழந்தை பால் குடிக்கிற மாதிரி. அப்புறம் நிமிர்ந்து நின்னு, "என்னய்யா இப்படிக் கட்டியிருக்கே?"ன்னு அவனைக் கேட்டேன்.

ஆமா. நான்தான். கேட்டேன்.

சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கலாம்... மறு வாரம் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள கூட்டம் வந்துச்சு, எழுந்து நின்னுட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? ஒரு வருஷம் போச்சுன்னா சொல்றது கஷ்டம், ரெண்டு வருஷம் போச்சுன்னா அதைவிடக் கஷ்டம். தேட ஆரம்பிச்சேன். பிஸ்டன் கிடைச்சு வண்டி ஓடிட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நெனப்பு. பைத்தியக்கார நெனப்பு.

இந்தப் பெட்டி எங்க இருந்து வந்துச்சுங்கிறே? போன வியாழக்கிழமை பார்சல்காரன் கொண்டுவந்து வச்சுட்டுப் போனான். திறந்தா மேல பழைய பேப்பர், உள்ள ரெண்டு சிலிண்டர், ரெண்டு பிஸ்டன். பிஸ்டன் அளவுக்கே போர் பண்ணி, பாலிஷ் பண்ணி, ஆயில் தடவி. விரலை உள்ள விட்டேன் கண்ணு, பட்டு மாதிரி. கடுதாசி இல்ல. ஒரு துண்டுச் சீட்டு மட்டும், பென்சில்ல. "ரிங் இடைவெளி பார்த்தாச்சு. முதல் ஐந்நூறு மைல் நிதானம்." அவ்வளவுதான். பேருகூட இல்ல. அந்தக் கையெழுத்துக்குப் பேரு எதுக்கு?

யாரு அவன்கிட்ட கேட்டதுன்னு லெஸ்லியைத் திரும்பிப் பாத்தேன். குறுக்கெழுத்துப் புதிரை மும்முரமாப் போட்டுக்கிட்டிருந்தாரு. பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு!

மூணு நாள் சமையலறை மேஜையிலயே இருந்துச்சு. பெட்டியைச் சுத்தித் தட்டு வச்சுச் சாப்பிட்டோம். வண்டியில மாட்டலாம்னு ஸ்பேனரை எடுப்பேன், வச்சிடுவேன். எப்படி மாட்டுறது? நேத்து போன் பண்ணினேன். எட்டு வருஷத்துல முதல் தடவை. "பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரேன்"னேன். இன்னும் என்னென்னவோ சொல்லணும்னு ஒரு தாள்ல எழுதிவேற வச்சிருந்தேன். அவன், "எந்த பஸ்?"னான். "பதினொண்ணே கால்"னேன். வச்சுட்டான்.

இப்போ என்ன சொல்றது அவன்கிட்ட? "சிரில், உன்கிட்ட ஒண்ணு பேசணும்"னு ஆரம்பிக்கவா? அது நல்லா இல்ல, இல்ல? "சிரில், அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா..." அதுவும் சுத்தி வளைக்கிற மாதிரி இருக்கு. நான் என்ன நெனைக்கிறேன்னா, இன்னிக்கு டாட்மார்டன் வரைக்கும் உன்கூடவே வந்துட்டு, அங்க ஒரு டீ குடிச்சுட்டு, திரும்பி வரும்போது...

யாரு மணி அடிச்சது? நீயா? உனக்கு டாட்மார்டன்னுதானே சொன்னே? இது ஈஸ்ட்வுட்டு...

ஓ.

அழுத்தக்காரிதான் நீ. என் கதையைக் கேட்டுக்கிட்டே வந்து, விரலை நீட்டி மணியை அடிச்சுட்டே.

சரி சரி, எழுந்துக்கிறேன். பெட்டியை அந்தப் பக்கம் பிடி, அடியில பிடி... ஐயோ, கண்ணு, அங்க பாரு. ஸ்டாப்புல. தொப்பி போட்டுக்கிட்டு, தள்ளுவண்டியோட நிக்கிறானே, அவன்தான். தோட்டத்து மண்ணு அள்ளுற தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கான். கனமா இருக்குமேன்னு. டிரைவர் தம்பி, கொஞ்சம் இரு, கதவை மூடாதே, வயசானவ!

சிரில்! நீ ஒண்ணும் பேசாதே, நான் சொல்லி முடிச்சிடுறேன், இல்லாட்டி சொல்ல மாட்டேன். டேப்பு மூடியிருந்துச்சு! அன்னிக்கு! நான்தான் வச்சேன், நான்தான் திறக்க மறந்தேன், உன் வேலையில ஒரு குறையும் இல்ல! செவ்வாய்க்கிழமை கூட்டத்துல எழுந்து நின்னு இதையே சொல்லப்போறேன், எல்லார் முன்னாடியும், இதே குரல்ல! பஸ்ல இருக்கிறவங்க எல்லாரும் இப்பவே கேட்டுட்டாங்க!

...என்னது?

கண்ணு, கேட்டியா என்ன சொல்றான்னு? "தெரியும்"ங்கிறான்! வேனோட பின்கதவுக் கண்ணாடியில பாத்தானாம், நான் குனிஞ்சு திறந்ததை! அடப்பாவி மனுஷா, எட்டு வருஷம்! பாத்தவன் அன்னிக்கே, அந்தக் கூட்டத்துலயே, வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

...

நான் சொல்லுவேன்னு நெனச்சானாம்.

இந்தா தம்பி, டிரைவர், இறங்குறேன், இறங்குறேன், ஒரு பொம்பளை கண்ணைத் துடைச்சிக்கிறதுக்குள்ள உனக்கு அவசரம். பெட்டியை வாங்கு சிரில். மெதுவா. இது உன்னோடது, திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன், எனக்கு வேணாம், எனக்கு இதைத் தொடவே... என்ன? என்ஜின் எங்கயா? என்ஜின் இல்லாம எதுல மாட்டுறதா?

கேக்குறான் பாரு கண்ணு! என்ஜினை ஏன் கொண்டுவரலைங்கிறான்! அதை எப்படிய்யா நான் பஸ்ல கொண்டுவர்றது, இந்தப் பெட்டியையே ஹாலிஃபாக்ஸ்ல ஒருத்தனாலயும் தூக்க முடியலை! வேனை எடுத்துக்கிட்டு நீதான் வரணும், லெஸ்லிகிட்ட சொல்லி மத்தியானத்துக்கு ஏதாவது... ஆங், மூடு தம்பி, கதவை மூடு, இறங்கிட்டேன்!